உள்ளே இருக்கும் அந்நியர்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தஞ்சைச் சீமையைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் ஊர் கறம்பக்குடி. எல்லை என்றால் என்ன என்பதை இவ்வட்டாரத்து முதியோருக்கு எவரும் விளக்கத் தேவையிருந்ததில்லை. 1948 மார்ச்சு மாதம் வரையில் தொண்டைமான் மன்னரின் சமஸ்தானம் இப்பக்கம். வெள்ளையரின் தஞ்சாவூர் ஜில்லா அப்பக்கம். மண்ணும் மொழியும் ஒன்றே. பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவும் ஒன்றே. ஆனால் வரி வாங்கும் கை வேறு, வழக்குத் தீர்க்கும் மன்றம் வேறு. ஒரு பக்கத்தில் பிரகதாம்பாளின் உருவமும் மறுபக்கத்தில் தெலுங்கெழுத்தில் 'விஜய' என்னும் சொல்லும் பொறித்த அம்மன் காசு சமஸ்தானத்தின் தனிச்சொத்து. அந்தச் சிறு செப்புக்காசைப் பழைய தகரப் பெட்டியின் அடியில் சேமித்து வைத்திருந்த பாட்டிமாரை நாம் பார்த்திருக்கிறோம். ஆடுமாடுகளுக்குத் தெரியாத ஒரு கோடு மனிதரின் நினைவில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது!

நிலத்தில் ஓடிய அந்தக் கோட்டைப் பற்றி எழுத நாம் இங்கே புகவில்லை. மனிதனுக்கு உள்ளே ஓடும் கோட்டைப் பற்றியதே இக்கட்டுரை. 'நான்' என்பது எங்கே முடிகிறது? 'மற்றவர்' எங்கே தொடங்குகிறார்? அந்த மற்றவர் நம் தோலுக்கு வெளியேதான் நிற்கிறாரா? தத்துவ நூல்களில் தேட வேண்டிய வினாக்கள் இவை என்று தோன்றலாம். ஆனால் நம் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இவ்வினா புதியதன்று. செவ்வாய்க்கிழமை மாலைகளில், அந்தோணியார் கெபியின் முன், தலைவிரிகோலமாய் ஆடும் ஒரு பெண்ணின் வடிவில் அது நம் கண்ணெதிரே நின்றிருக்கிறது.

நமது சிறுவயதில் இவ்வட்டாரத்தில் ஒரு வீட்டுக்கு வாழவந்த பெண்ணை நாமெல்லாம் அத்தை என்று அழைப்போம். இந்துக் குடும்பத்தில் பிறந்து, திருமணத்துக்கு முன் ஞானஸ்நானம் பெற்று வந்தவர். ஜெபமாலை சொல்வதில் மாமியாரையே மிஞ்சியவர். இரண்டாவது குழந்தை இறந்து பிறந்ததன் பின், ஒருநாள் மாலை, குடும்ப ஜெபத்தின் நடுவே அவருக்குக் குரல் மாறியது. கண் செருகியது. 'எனக்கு விளக்கேற்ற ஆள் இல்லையே' என்று அந்தக் குரல் அழுதது. செய்தி கேட்டு இரு பக்கத்து உறவினரும் கூடினார்கள். பிறந்த வீட்டார் 'சாமி வந்திருக்கிறது' என்றார்கள். புகுந்த வீட்டார் 'பேய் பிடித்திருக்கிறது' என்றார்கள். ஒரே உடல், ஒரே நடுக்கம், ஒரே குரல். பார்த்தவர் நின்ற இடத்தைப் பொறுத்துப் பெயர் மாறிற்று. புகுந்த வீட்டாரின் சொல்லே வென்றது.

அந்தோணியார் திருத்தலம் ஒன்றுக்கு அவரை அழைத்துச் சென்றார்கள். சிறுவர்களாகிய நாமும் வண்டியில் தொற்றிக்கொண்டோம். அங்கே இத்தகையோருக்காகச் செபிப்பதில் பேர்போன முதியவர் ஒருவர் இருந்தார். அவர் பாடுபட்ட சுரூபத்தை அத்தையின் நெற்றியில் வைத்து அழுத்தி, "யார் நீ? எந்த ஊர்? உன் பெயரைச் சொல்!" என்று அதட்டினார். நெடுநேரம் உறுமலும் சிரிப்புமாகக் கழிந்தபின் ஒரு பெயர் வெளிவந்தது. கூடியிருந்தோர் எதிர்பார்த்தது கருப்பர், முனி, காளி போன்ற ஒரு பெயரை. அல்லது புளியமரத்தில் தூக்கிட்டுக்கொண்ட யாரோ ஒருவனின் பெயரை. வந்ததோ, ஞானஸ்நானத்துக்கு முன் பெற்றோர் அவருக்கு இட்டிருந்த பெயர்.

பேய் தந்திரம் செய்கிறது என்று முடிவு கட்டினார்கள். மீண்டும் மீண்டும் அதட்டினார்கள். நாமும் அன்று அவ்வாறே நம்பினோம். பல ஆண்டுகள் கழித்து, மதுரை மறைப்பணியின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தபோதுதான், அந்த மாலைப்பொழுதுக்கு முந்நூறு ஆண்டுகளின் பின்னணி உண்டு என்பது விளங்கிற்று.

அப்பின்னணியின் முக்கியமான ஓர் அத்தியாயம் இதே மாவட்டத்தைச் சேர்ந்தது. கிழக்கு ஓரத்தில் கறம்பக்குடி என்றால், வடமேற்கே திருச்சிப் பக்கமாக ஆவூர். புனித அருளானந்தர் ஓரியூரில் 1693 பெப்ரவரி 4 அன்று தலைவெட்டுண்டு மடிந்தபின், அந்தப் பதினேழாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில், ஆவூரைத் தம் மையமாகக் கொண்டு உழைத்தவர் பிரான்சு நாட்டு இயேசு சபைத் துறவி யோவான் வெனான்சியுஸ் புஷே. ஆயிரக்கணக்கானோருக்குத் திருமுழுக்கு அளித்தவர். ஊர் ஊராக நடந்து மக்களின் வழக்கங்களைக் கூர்ந்து நோக்கியவர். நீண்ட கடிதங்கள் எழுதியவர். அக்கடிதங்களுள் ஒன்றே நமது பொருளுக்கு வேண்டியது.

அக்கடிதம் பிறந்த கதை சுவையானது. 1680களின் பிற்பகுதியில் பாரிசில் ஃபோந்தெனெல் என்னும் அறிஞர், ஒலாந்து நாட்டு மருத்துவர் ஒருவரின் இலத்தீன் நூலைத் தழுவி, பண்டைய கிரேக்கரின் தெய்வவாக்குகளைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். திருச்சபையின் பழைய மரபு, அந்த வாக்குகளை உரைத்தவை பேய்கள் என்றும், கிறிஸ்துவின் வருகையோடு அவை வாயடைத்துப் போயின என்றும் சொல்லி வந்தது. ஃபோந்தெனெலோ, அங்கே பேயும் இல்லை, பிசாசும் இல்லை. எல்லாம் பூசாரிகளின் ஏமாற்று வித்தை என்றார். 1707-இல் பால்துஸ் என்னும் இயேசு சபையார் அதற்கு மறுப்பு எழுதினார். இச்செய்தி தமிழகத்தில் இருந்த புஷேக்கு எட்டியது. 'ஐரோப்பாவில் நீங்கள் பழைய ஏடுகளை வைத்து வாதாடுகிறீர்கள். இங்கே அது கண்முன் நிகழ்கிறது' என்னும் கருத்துப்பட அவர் பால்துசுக்கு எழுதிய கடிதம், இயேசு சபையாரின் புகழ்பெற்ற கடிதத் தொகுப்பில் அச்சேறி ஐரோப்பா எங்கும் படிக்கப்பட்டது.

புஷே சொன்னவற்றின் சாரம் இது: இந்நாட்டில் பேய்கள் சிலைகளின் வாயால் பேசுவதில்லை; மனிதரின் வாயால் பேசுகின்றன. கிறிஸ்தவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தால் அவை பேச மறுக்கின்றன. பேய் பிடித்தவர்கள் கோவிலுக்குக் கொண்டுவரப்பட்டு விடுதலை அடைகிறார்கள். அதைக் கண்டு பலர் மனந்திரும்புகிறார்கள். ஆகவே, கிறிஸ்துவின் வருகையால் பண்டைய உலகில் நிகழ்ந்தது இங்கே மறுபடி நிகழ்கிறது.

எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. காவிரிக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவில் ஏதோ ஒரு சிற்றூரில் தலைவிரித்து ஆடிய பெயர் தெரியாத ஒருத்தி, பாரிசு நகரத்து அறிஞர் சபைகளில் நடந்த வழக்குக்குச் சாட்சியாகி விட்டாள்! இங்கிருந்து எழுதியவர் அவளை மெய்ச்சாட்சி என்றார். ஃபோந்தெனெலின் பக்கம் நின்றவர்கள் அவளைப் பொய்ச்சாட்சி என்றிருப்பார்கள். அவளுக்கு என்ன நேர்ந்தது, எதற்காக அவள் அழுதாள் என்று கேட்டவர் இரு தரப்பிலும் இல்லை. புஷே அடிகளாரைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. அவர் தம் காலத்தின் மனிதர்; அம்மக்களை நேசித்தவர். ஆனாலும் வரலாறு என்பது கேட்கப்பட்ட கேள்விகளைக் குறித்து வைப்பதைப் போலவே, கேட்கப்படாத கேள்விகளையும் குறித்து வைக்க வேண்டும்.

ஏன் அந்தச் சாட்சி அக்காலத்தில் அவ்வளவு தேவைப்பட்டது என்பதும் விளங்கிக்கொள்ளத் தக்கதே. கிறிஸ்தவரான தமிழரை அண்டை வீட்டார் எப்படிப் பார்த்தார்கள்? 'பறங்கி மார்க்கத்தில் சேர்ந்தவர்' என்று. தத்துவ போதகர் என நாம் போற்றும் இராபர்ட் தெ நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்ததும் செய்த முதற்பெரும் செயல், 'நான் பறங்கி அல்லன்' என்று அறிவித்ததுதான். உடை மாறிற்று, உணவு மாறிற்று, மொழி மாறிற்று. தம் சபைத் தோழர் ஒருவரே அதனை எதிர்த்து முறையிட, வழக்கு கோவாவுக்கும் உரோமைக்கும் சென்று, 1623 சனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியின் ஆணையால் ஒருவாறு தீர்ந்தது. தமிழனுக்குள் பறங்கி புகுந்துவிட்டான் என்று ஊரார் அஞ்சினர். கிறிஸ்தவனுக்குள் பழைய தெய்வம் தங்கிவிட்டது என்று குருக்கள் அஞ்சினர். இவ்விரு அச்சங்களுக்கும் நடுவில் வாழ்ந்தவர்கள் நம் முன்னோர். அந்நிலையில், பழைய தெய்வமே ஒருத்தியின் வாயால் 'நான் தோற்றேன், போகிறேன்' என்று ஒப்புக்கொண்டால் அதைவிடத் தெளிவான எல்லைக்கல் வேறு என்ன வேண்டும்? நம் சமூகத்தின் எல்லைக்கற்கள் பல இவ்வாறு பெண்களின் உடலில்தான் ஊன்றப்பட்டன.

நமது மொழியும் இந்த வரலாற்றைத் தன்னுள் வைத்திருக்கிறது. 'பேய்' என்னும் சொல் தமிழில் எப்போதும் அருவருப்பை மட்டும் குறித்ததில்லை. காரைக்கால் அம்மையார் தம்மைத் தாமே பேய் என்று பெயரிட்டுக்கொண்டு பாடினார். பேயுருவை வேண்டிப் பெற்றதாக அவர் வரலாறு சொல்கிறது. அங்கே பேய் அந்நியமன்று, அடியவரின் அகவடிவம். வள்ளுவர் புல்லறிவாண்மை அதிகாரத்தில் 'அலகை' என்ற சொல்லை ஆண்டார். நம் பாட்டன் பாட்டியர் செபங்களில் 'பசாசு' என்று சொல்லி வந்தனர். 1995-இல் வெளியான பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் வள்ளுவரின் அலகையை மீட்டெடுத்தது. 'ஆவி' என்னும் சொல்லின் கதை இன்னும் நுட்பமானது. நம் முன்னோர் இஸ்பிரீத்து சாந்து என்றதை நாம் தூய ஆவி என்கிறோம். தீயதையும் ஆவி என்கிறோம். இறந்தவரின் ஆவி என்கிறோம். ஆவி பிரிந்தது என்று நம் உயிரையே அச்சொல்லால் குறிக்கிறோம். உள்ளிருப்பதும் வெளியிலிருந்து வருவதும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. தமிழ் மனம் 'நான்' என்பதைக் கதவில்லாத சுவராக ஒருபோதும் கற்பனை செய்யவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

இது தமிழருக்கு மட்டும் நேர்ந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். தெ நொபிலி மதுரை மறைப்பணியில் இருந்த அதே காலத்தில், பிரான்சில் லூதுன் என்னும் ஊரின் உர்சுலைன் கன்னியர் மடத்தில் பேயாட்டம் மூண்டது. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் கலந்து வாழ்ந்த ஊர் அது. மக்கள் திரண்டு வேடிக்கை பார்க்க, பேயோட்டும் சடங்குகள் பொது அரங்கில் நடந்தன. மறுதரப்பாரின் முன்னிலையில் கத்தோலிக்கப் போதனைக்குப் பேய்களே சான்று பகரும்படி செய்யப்பட்டது. ஆவூர்க் கடிதத்தின் முன்னோடியை இங்கே காண்கிறோம். அக்கன்னியர்மீது மாந்திரீகம் ஏவினார் என்ற குற்றச்சாட்டில் ஊர்ப் பங்குக்குரு உர்பேன் கிராந்தியே 1634 ஆகஸ்டு 18 அன்று உயிரோடு எரிக்கப்பட்டார். அதற்குப் பிறகும் பேய்கள் போகவில்லை.

அவ்வாண்டு டிசம்பரில் அங்கே அனுப்பப்பட்டார் யோவான் யோசேப் சுரேன் என்ற இயேசு சபைக் குரு. அதட்டுவதைக் குறைத்து, மடத்தலைவியோடு அமர்ந்து பேசி, அவருடைய உள்வாழ்வை வளர்ப்பதே வழி என்று கண்டவர் அவர். அவருடைய துன்பம் தம்மேல் வரட்டும் என்றும் இறைவனிடம் வேண்டிக்கொண்டார். வேண்டியது வந்தது. 1635 மே மாதத்தில் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், தமக்குள் இரண்டு ஆன்மாக்கள் இருப்பதுபோல் உணர்வதாகவும், ஒன்று அமைதியில் இருக்க மற்றொன்று வெகுண்டு எழுவதாகவும், இரண்டுமே தாமாகத் தெரிவதாகவும் அவர் விவரித்தார். நோயாளிக்கும் குருவுக்கும் இடையே இருந்த எல்லை அழிந்துவிட்டது. பின்னர் பல ஆண்டுகள் அவரால் எழுதவோ, நடக்கவோ, தாமே உடை மாற்றவோ இயலவில்லை. 1645-இல் சன்னல் வழியே குதித்துக் கால் முறிந்தது. சபை இல்லத்தில் பைத்தியக்காரனாக நடத்தப்பட்டார். இறுதியில் அவரை மீட்டது எந்த மந்திரமும் அன்று. தம்மை அன்போடும் மரியாதையோடும் நடத்திய ஓர் உடன்துறவியின் தோழமை. 1665-இல் இறப்பதற்குள் ஆன்மீக நூல்கள் பலவற்றையும், தம் இருண்ட ஆண்டுகளின் வரலாற்றையும் எழுதி முடித்தார். அதே சபையைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் மிஷேல் தெ செர்த்தோ 1970-இல் லூதுன் நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதிய நூல், இவற்றையெல்லாம் மீண்டும் நம் கவனத்துக்குக் கொண்டுவந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கேள்வி மருத்துவர் கைக்கு மாறிற்று. 1890-இன் இறுதியில் பாரிசின் சால்பெத்ரியேர் மருத்துவமனைக்கு 33 வயதுள்ள ஒருவர் கொண்டுவரப்பட்டார். தம்முள் சாத்தான் இருப்பதாக அலறினார். தெய்வநிந்தனையான சொற்கள் அவர் வாயிலிருந்து வந்தன. பியேர் ஜானே என்னும் உளநூலறிஞர் அவருக்கு 'ஆஷில்' எனப் புனைபெயர் இட்டு எழுதினார். ஜானே சாத்தானோடு சண்டையிடவில்லை. நோயாளியின் கையில் ஒரு பென்சிலைச் செருகி, அவர் அறியாமலே அந்தக் கை எழுதும்படி மெல்லக் கேட்டார். பேய்க்கு எழுதத் தெரிந்தது! சிறிது சிறிதாக உண்மை வெளிவந்தது: வியாபாரப் பயணம் ஒன்றில் அம்மனிதர் மனைவிக்குத் துரோகம் செய்திருந்தார், அதைச் சொல்லவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை. சொல்ல முடியாதது தனியே ஓர் ஆளாகி அவருக்குள் குடியேறிவிட்டது. நம் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் அருமை அறிந்தவர்களுக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 1992-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டில் ஆவேச நிலைகளுக்கும் இடம் உண்டு. ஆனால் ஒரு நிபந்தனையோடு: சமயச் சடங்கில் ஏற்கப்பட்ட முறையில் நிகழ்வது நோயாகாது, தன் விருப்பத்துக்கு மாறாக வந்து வாழ்வைக் குலைப்பதே நோய். பூக்குழி இறங்கும் திருவிழாவில் ஆடுபவர் நோயாளி அல்லர். ஜெபமாலையின் நடுவே ஆடிய நமது அத்தை நோயாளி. ஆக, மருத்துவரும் கடைசியில் ஓர் எல்லைக்கோட்டையே நம் கையில் தருகிறார். கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைச் சமூகமே சொல்லியாக வேண்டியிருக்கிறது.

தமிழகத்தில் இவற்றை நேரில் ஆய்ந்த இருவரைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. இசபெல் நபோகோவ் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் தங்கி ஆராய்ந்து 2000-இல் வெளியிட்ட நூலில், பேய் பிடித்தவர்களில் மிகப் பலர் அண்மையில் மணமான இளம்பெண்கள் என்பதைக் காட்டினார். பிடிக்கும் பேய்களோ பெரும்பாலும் ஆசை நிறைவேறாமல் அகாலமாய் மாண்ட ஆண்கள். பேயோட்டும் சடங்கு, அப்பெண்ணின் தலைமயிரில் ஒரு கற்றையை வெட்டி, அதைப் புளியமரத்தில் ஆணியடிப்பதோடு முடிகிறது. தன்னுள் எழும் விருப்பத்தையும் மறுப்பையும் 'இது என்னுடையதன்று' என்று அவளே தள்ளிவிடும்படி சடங்கு அவளை நெருக்குகிறது என்பது நபோகோவின் முடிவு. அம்முடிவை நாம் முழுவதும் ஏற்கவில்லை. ஓர் இரவு முழுதும் உரக்கக் கத்தி, தன் கணவனையும் மாமியாரையும் ஊரறியத் திட்டித் தீர்க்க ஒரு பெண்ணுக்கு வேறு எந்த இடம் கிடைக்கிறது என்பதையும் எண்ண வேண்டும். பேய் அவளுக்கு முகமூடி மட்டுமன்று, கேடயமும் ஆகும்.

மற்றவர் டேவிட் மோஸ். இராமநாதபுரம் சீமையின் கத்தோலிக்க ஊர்களில் 1980களில் வாழ்ந்து, நம் புனிதர்களைப் பற்றியும் திருத்தலங்களைப் பற்றியும் எழுதியவர். புளியம்பட்டி அந்தோணியார் திருத்தலத்தில் பேய்கள் தம் பெயரைச் சொல்லிச் சரணடையும் காட்சியை அவர் விவரித்திருக்கிறார். அப்பெயர்களுள் ஊர்த் தெய்வங்களின் பெயர்களும் உண்டு என்பதை நம்மில் பலரும் நேரில் அறிவோம். அதாவது, பக்கத்துத் தெருவில் பொங்கலிட்டு வணங்கப்படும் அம்மனின் பெயர், நமது கொடிமரத்தடியில் பேயின் பெயராகிறது. மூன்று நான்கு தலைமுறைக்கு முன் அது நம் சொந்தக் கொள்ளுப்பாட்டியின் குலதெய்வமாகவும் இருந்திருக்கும். வெளியே துரத்தப்படும் அந்நியர் யார் என்று பார்த்தால், அவர் நம் வீட்டுப் பழைய நிலையில் சாய்ந்து நிற்பவராக இருக்கிறார்.

இங்கே நம் மனசாட்சியைத் தொடும் ஒரு கேள்வி எழுகிறது. 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களில் உண்மையாயும் தூய்மையாயும் உள்ள எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று அறிவித்தது. பிரசங்கத்தில் அதை ஏற்கிறோம். பொங்கல் விழாவில் பல்சமயத் தலைவர்களை மேடையேற்றுகிறோம். ஆனால் செவ்வாய்க்கிழமை மாலையில், அதே அயலாரின் தெய்வத்தைப் பேய் என்று பெயர் சொல்லி விரட்டுவதைக் கண்டும் காணாதவராக இருக்கிறோம். சாத்தான் இல்லை என்று சொல்ல நாம் வரவில்லை. தீமையின் வல்லமையை இருபதாம் நூற்றாண்டைக் கண்டவர் எவர் மறுக்க முடியும்? ஆனால் சாத்தானின் முகவரி இன்ன தெருவில் இன்ன கோவில் என்று எழுதிக் கொடுக்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

திருச்சபையின் சட்டம், அதன் பெயரால் நடப்பவற்றைவிட எப்போதும் நிதானமாகவே இருந்து வந்திருக்கிறது. 1614-ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூலே, ஒருவருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்பதை எளிதில் நம்பிவிடக் கூடாது என்றும், நோயால் துன்புறுவோரை வேறுபடுத்தி அறிய வேண்டும் என்றும் குருக்களை எச்சரித்தது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1172-ஆம் எண், ஆயரின் தனிப்பட்ட, வெளிப்படையான அனுமதி பெற்ற குருவைத் தவிர வேறு எவரும் முறைப்படி பேயோட்டக் கூடாது என்கிறது. 1999 சனவரியில் வெளியான புதிய சடங்கு முறையும் மருத்துவ அறிஞரைக் கலந்துகொள்ள அறிவுறுத்துகிறது. இவையெல்லாம் இருந்தும் கொடிமரத்தடியில் அதட்டல் தொடர்ந்தது ஏன்? சட்டம் குருக்களுக்கு எழுதப்பட்டது. அழுகையோ குடும்பங்களுக்கு நடுவில் எழுந்தது.

அந்த அழுகையைக் கேட்க முடியாமல் சங்கிலியை நாடிய குடும்பங்கள் எல்லாச் சமயத்திலும் உண்டு. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவின் அருகே தனியார் நடத்திய மனநோயாளர் விடுதி ஒன்றில் 2001 ஆகஸ்டு 6 அதிகாலையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓடித் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டனர். இறந்தவர்களைக் கொண்டுவந்து விட்டுச் சென்றவர்கள் பகைவர் அல்லர். தாயும் தந்தையும் அண்ணன் தம்பியும்தாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், எவ்வகையிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்திருக்கிறது.

அதற்காகத் திருத்தலங்களை எல்லாம் மூடிவிட்டு மருத்துவமனைகளை மட்டும் திறந்தால் போதும் என்று சொல்லவும் நமக்கு மனம் வரவில்லை. தமிழகத்துச் சிற்றூர் ஒன்றில், முத்துசாமி கோவிலில் தங்கியிருந்த 31 மனநோயாளரைப் பெங்களூரின் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் ஆராய்ந்து, 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். அங்கே தங்கியவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. சிறப்பான சடங்கு எதுவும் அவர்களுக்குச் செய்யப்படவில்லை. காலையில் எளிய வழிபாடு; பிறகு கோவிலைக் கூட்டுதல், செடிகளுக்கு நீர் வார்த்தல் போன்ற சிறு வேலைகள்; உறவினர் ஒருவர் உடனிருந்தார்; அச்சுறுத்துவார் இல்லை. சுரேன் அடிகளாரின் உடன்துறவி செய்ததும் ஏறக்குறைய இதுதானே! காவிரிக் கரையிலுள்ள குணசீலம் பெருமாள் கோவிலில் 48 நாள் தங்கும் வழக்கத்திலும் இதே மனிதநேயம் ஒளிந்திருக்கக் கூடும்.

நற்செய்தியில் கெரசேனர் நாட்டு மனிதனை நினைத்துக்கொள்கிறோம். கல்லறைகளில் திரிந்த அவனையும் ஊரார் சங்கிலியால் கட்டித்தான் பார்த்தார்கள். இயேசு அவனிடம் கேட்டதும் பெயர்தான். நமது முதியவர் கேட்டதும் அதே கேள்வி என்று நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். மாற்கு எழுதியதை மறுபடி படிக்கையில் ஒன்று கண்ணில் பட்டது. வந்த பெயர் 'இலேகியோன்'. உரோமைப் படைப்பிரிவின் பெயர், அந்நாட்டை அடக்கி ஆண்ட அந்நியப் படையின் பெயர். ஒரு தேசத்தின் காயம் அந்த ஏழையின் வாயில் பேசிற்று. கதை அத்துடன் முடியவில்லை. ஊரார் வந்து பார்க்கும்போது அவன் ஆடை உடுத்தி, அறிவு தெளிந்து அமர்ந்திருக்கிறான். தம்மோடு வர விரும்பிய அவனை ஆண்டவர் தம் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. அவனுடைய வீட்டுக்கும் உறவினரிடமுமே திருப்பி அனுப்பினார். பழைய வீடு அவனுக்கு அந்நியமாகவில்லை.

அத்தையின் கதைக்கு வருவோம். திருத்தலத்தில் மூன்று செவ்வாய்க்கிழமைகள் கழிந்தன. பேய் போய்விட்டது என்று சொல்லி அழைத்து வந்தார்கள். உண்மையில் அத்தை பேசுவதையே நிறுத்தியிருந்தார். அந்த மௌனத்தை எல்லாரும் குணம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின், அவருடைய தாயார் கிழக்கேயிருந்து பேருந்தில் வந்து, திண்ணையில் உட்கார்ந்து, மகளின் தலையை மடியில் வைத்துப் பேன் பார்த்தார். அப்போது அவர் மகளைக் கூப்பிட்டது பழைய பெயரால். மாமியார் உள்ளிருந்து அதைக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை, சம்பந்தியம்மாளுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுத் தாமும் அருகில் உட்கார்ந்துகொண்டார். இறந்து பிறந்த அந்தக் குழந்தையைப் பற்றி அவ்வீட்டில் முதன்முதலாகப் பேசப்பட்டது அன்றுதான் என்று அத்தையின் மகள் பிற்காலத்தில் நம்மிடம் சொன்னார். அதன்பின் குரல் மாறவேயில்லை.

அத்தை நெடுங்காலம் வாழ்ந்து, பாஸ்கா காலத்தில் ஒரு வெள்ளியன்று இறந்தார். கல்லறைச் சிலுவையில் ஞானப்பெயர் மட்டுமே இருக்கிறது. வழக்கமும் அதுவே. மகளுக்குப் பின்னர் ஒரு பெண்குழந்தை பிறந்தபோது, கோவிலில் ஒரு பெயரும் வீட்டில் கூப்பிட ஒரு பெயரும் இட்டார்கள். வீட்டில் கூப்பிடும் பெயர், அன்று அந்தக் கொடிமரத்தடியில் பேய் சொன்ன பெயர். அக்குழந்தை இப்போது பள்ளிக்குச் செல்கிறது. அந்தப் பெயரைத் தெருவில் உரக்கச் சொல்லி அழைக்கிறார்கள், அதுவும் திரும்பிப் பார்க்கிறது.